பழைய லெப்டொப்பில் அழகான திரை: கேள்வி பதில்

அட்டனில் உயர்தர மாணவர்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். எங்களிடம் இருப்பதெல்லாம் 2 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப்கள். எல்லாவற்றிலும் லினக்ஸ், அதன்மேல் விண்டோக்களைக் கையாளும் ஓப்பன்பொக்ஸ் என்ற விண்டோ மேனேஜர். திரையை அழகாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தலவாக்கலை: சேர், விண்டோக்களுக்கு நிழலும் கண்ணாடி மாதிரி மங்கலும் போட்டேன். இப்போது பிரவுசரே திக்கித் திக்கிப் போகிறது. ஓப்பன்பொக்ஸை விட்டுவிடவா?

வேண்டாம் தங்கச்சி. விண்டோவுக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, கீபோட்டைக் கவனிப்பது, ஓப்பன்பொக்ஸின் வேலை அவ்வளவுதான். நிழலும் மங்கலும் பிகொம் என்ற வேறு நிரல் செய்பவை. அதிலும் மங்கல்தான் மெஷினைத் தின்னும்: பின்னால் ஏதாவது அசையும்போதெல்லாம் அந்த இடத்தைத் திரும்பக் கணக்குப் போட்டு வரைய வேண்டும். முதலில் அதை எடுத்துவிடுங்கள். அப்புறமும் திக்கினால் பிகொமையே நிறுத்துங்கள். திறந்திருக்கும் விண்டோ ஒன்றும் மூடாது. இப்படி அலங்காரம் தனி நிரலில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தீம், வோல்பேப்பர், பனல் எல்லாம் ஆசை தீர மாற்றுங்கள்.

மஸ்கெலியா: அண்ணே, ஷோட்கட் எழுதிச் சேமிக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது எந்த ஷோட்கட்டும் வேலை செய்யவில்லை.

மழைக்காலத்தில் நம் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். பேட்டரி செத்த லெப்டொப்பில் சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால், கோப்பு அரைகுறையாகவோ வெறுமையாகவோ மிஞ்சலாம். கன்ட்ரோல், ஒல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். அதில் உள்நுழைந்து, உங்கள் ஓப்பன்பொக்ஸ் அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, மெஷினை மறுபடி போடுங்கள். தன்னிடமுள்ள பொது அமைப்போடு அது எழுந்துவிடும். பழைய கோப்பிலிருந்து வேண்டியதை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிமேல் கை வைக்குமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒருமுறை நான் ஒரு டேக்கை (கோப்பில் ஒவ்வொரு பகுதியையும் தொடக்கி முடிக்கும் குறி) மூடாமல் விட்ட கோப்பை, சோதிக்காமல் எல்லா மெஷின்களுக்கும் போட்டுவிட்டேன். தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகளுக்கு அன்று அரை மணித்தியாலம் வீணாகிப் போனது. இன்றும் அது உறுத்துகிறது. இப்போது எந்த மாற்றமும் ஒரு மெஷினில் ஒரு வாரம் ஓடிய பிறகுதான் மற்றவற்றுக்குப் போகும். மாற்றியதும் மெனுவிலேயே ரீகன்ஃபிகர் (அமைப்பைத் திரும்பப் படிக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று அதுவே சொல்லும்.

பண்டாரவளை: ஓப்பன்பொக்ஸின் 3.6.1 வெளியீடு 2015இல் வந்தது. இவ்வளவு பழையதை நம்பலாமா?

லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11இல் நம்பலாம். அன்று எழுதிய தீம் இன்றும் அப்படியே ஓடுகிறது. பழைய மெஷின் வைத்திருப்பவருக்கு இது பெரிய நிம்மதி. இதே மாதிரி விண்டோ மேனேஜரான ஃப்ளக்ஸ்பொக்ஸின் 1.3.7 வெளியீடும் அதே 2015தான். தொடர்ந்து பராமரிக்கப்படுவதுதான் வேண்டும் என்றால் ஐஸ்டபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரைப் போடுங்கள். ஓப்பன்பொக்ஸையே பாவித்தாலும் ஐஸ்டபிள்யூஎம்மை இரண்டாவது செஷனாக (லொகின் செய்யும்போது தெரிவு செய்யக்கூடிய இன்னொரு திரைச் சூழலாக) நிறுவி வைப்பது நல்லது. ஒன்று கெட்டால் லொகின் திரையில் மற்றதைத் தெரிவு செய்து வேலையைத் தொடரலாம். எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய முறையான வேலண்டுக்கு மாறும் எண்ணமிருந்தால், அதில் விண்டோக்களைக் கையாளும் லேப்டபிள்யூசியைப் போடுங்கள். ஓப்பன்பொக்ஸ் தீம்களை அது ஏற்கும்.

பதுளை: மெனுவில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. தமிழில் தட்டச்சும் வரவில்லை.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள், பெட்டிகள் போய்விடும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வேண்டும். வெறும் விண்டோ மேனேஜரில் அது தானாக எழாமல் இருக்கலாம். லொகின் ஆனதும் தானாக ஓட வேண்டியவற்றை எழுதும் ஓட்டோஸ்டார்ட் கோப்பில் அதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.