சாயத்தண்ணியும் தைரொயிட் மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எனக்கு எப்போதும் குளிர்கிறது, அசதியாகவும் இருக்கிறது. தைரொயிட் குறைவாக இருக்குமா? (நுவரெலியா வாசகி)

நுவரெலியாவில் விடியற்காலையில் குளிராதவர் எவருமில்லை. நண்பகல் வெயிலில் வீட்டார் எல்லோரும் சுவெட்டரைக் கழற்றிய பின்னும் உங்களால் கழற்ற முடியவில்லையா, அதனோடு மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு ஆகியவையும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயினும் இரத்தச்சோகையும் இதே அசதியைத் தரும் என்பதால், தைரொயிட்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். அறிகுறிகளை மட்டும் வைத்து எவரும் மாத்திரை தொடங்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். கூடியிருக்கிறது, ஆனால் நோய் ‘குறைவு’ என்கிறார்கள். எது சரி? (பதுளை வாசகர்)

இரண்டும் சரி. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஹோர்மோன். தைரொயிட் சோர்ந்துபோனால் பிட்யூட்டரி அதை மேலும் மேலும் சுரக்கும். எவ்வளவு கூடியிருக்கிறது, உங்கள் வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எண் இல்லாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? பொதுவாக 0.4 முதல் 4 வரை இயல்பு. 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். இடைப்பட்ட அளவானால் இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

பல வருடங்களாக அயடீன் உப்புத்தான் பாவிக்கிறோம். பிறகும் எப்படி இந்த நோய் வந்தது? (மாத்தளை வாசகி)

ஓயாத மழை மண்ணிலுள்ள அயடீனை அரித்துக்கொண்டு போகும் ஈரவலயப் பகுதிகளில், கழுத்துக் கழலை ஒரு காலத்தில் சாதாரணமாகக் காணப்பட்டது. 1995இல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. இன்று அயடீன் போதுமான அளவு கிடைப்பவர்களிடம் முதன்மைக் காரணம் வேறு: உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கிச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912இல் விவரித்ததால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. பெண்களிடமே மிக அதிகம், குடும்ப வழியாகவும் வரும். கழலைக்காகச் சுரப்பியை அகற்றியவர்களுக்கும், லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் குறைவு ஏற்படலாம். உப்பைக் கழுவாமல், மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்பங்கரைச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்கு மேல் அயடீனைத் தேடிச் சாப்பிட வேண்டாம். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு மிகுதியான அயடீன் குறைவை மோசமாக்கக்கூடும்.

வெறும் வயிற்றில்தான் மாத்திரை எடுக்கிறேன். ஆனாலும் 50இலிருந்து 125 மைக்ரோகிராம் வரை கூட்டிவிட்டார்கள், டி.எஸ்.எச். இறங்கவில்லை. காலையில் சாயத்தண்ணியோடு இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்தே குடித்துவிடுவேன். (ஹட்டன் வாசகி)

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேலாக நான் சொல்லிச் சொல்லி ஓயாத விடயம் இதுதான். தேத்தண்ணியை நம் மக்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே வயிறு ‘வெறும் வயிறாக’வே இருப்பதாக நினைக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு கொழுந்துப் பறிக்கும் அம்மா தன் மருந்துப் பையை என் மேசையில் கொட்டினார். சிறிய வெள்ளைத் தைரொக்சின் (தைரொயிட் ஹோர்மோன்) மாத்திரைகளும் செம்பழுப்பு இரும்பு மாத்திரைகளும் ஒரே கடித உறைக்குள் கலந்து, வெள்ளை மாத்திரைகளின் ஓரங்களில் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் இரண்டையும் ஒரே மிடறு தேத்தண்ணியில் விழுங்குவதாகச் சொன்னார். இரும்பு குடலுக்குள் தைரொக்சினைப் பிணைத்து உடலில் சேரவிடாது. கல்சியமும் சில வயிற்றெரிவு மருந்துகளும் அப்படியே. தேநீரும் கோப்பியும்கூட உறிஞ்சலைக் குறைக்கக்கூடும். எடுக்கும் முறையை எவரும் விசாரிக்காமல் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அந்த அம்மாவுக்கும் மூன்று தடவை அப்படி அளவைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள்.

மாத்திரையையும் ஒரு குவளைத் தண்ணீரையும் படுக்கையருகே வையுங்கள். கண் விழித்ததும் விழுங்கிவிட்டு அடுப்பை மூட்டுங்கள். சாயத்தண்ணி குறைந்தது அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். இரும்பு மாத்திரையை நான்கு மணித்தியாலமாவது தள்ளி எடுங்கள். பகல் சாப்பாட்டு நேரம் வசதியானது. காலையில் முடியவே முடியாதென்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலத்தின் பின் படுக்கும்போது எடுக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: முறையாக எடுக்கத் தொடங்கியதும் 125 உங்களுக்கு அதிகமாகிப் படபடப்பு வரக்கூடும். ஆகவே முறையை மாற்றியதை மருத்துவரிடம் சொல்லி, ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பாருங்கள். நீங்களாக அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கோவா (முட்டைக்கோஸ்) தைரொயிட்டுக்கு ஆகாதென்கிறார்களே, சாப்பிடலாமா? (வெலிமடை வாசகர்)

சமைத்து, வழக்கமான அளவில், தாராளமாக.

இரண்டு மாதக் கர்ப்பம். குழந்தைக்கு ஆகாதென்று மாமியார் தைரொயிட் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். (தலவாக்கலை வாசகி)

நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி உங்கள் தைரொக்சினை நம்பியே நடக்கிறது. பலருக்கு இக்காலத்தில் அளவை 25 முதல் 30 வீதம் கூட்ட வேண்டியும் வரும். இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள், மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமாது தரும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணித்தியால இடைவெளி உண்டு.

ஆறு மாதமாக நன்றாக இருக்கிறேன். ரிப்போர்ட்டும் சரி. நிறுத்தலாமா? (பண்டாரவளை வாசகர்)

ரிப்போர்ட் சரியாக இருப்பது மாத்திரையால்தான். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே நிறுத்திய முதல் சில நாட்களில் எதுவும் தெரியாது. பழைய அசதி சில வாரங்கள் கழித்தே திரும்பும். பிரசவத்துக்குப் பின் வந்த குறைவு சிலருக்குத் தானாகவே சரியாகும், அதையும் மருத்துவரே பரிசோதித்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இது வாழ்நாள் மாத்திரை.