குளிர் ஏரியில் கயாக் ஓட்டலாமா?

கேள்வி: உப்புவெளிக் கடலில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டிப் பழகியவன் நான். ஏப்ரலில் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் போகிறேன், ஒன்ராறியோ ஏரியில் ஓட்ட ஆசை. தடித்த ஜக்கெற் ஒன்று போதுமா?
- வாசகர், திருகோணமலை

பதில்: போதாது தம்பி. வெளியே நல்ல வெயில் எறிக்கும், ஆனால் ஏரித் தண்ணீர் அப்போதும் 4, 5 பாகையில்தான் இருக்கும், நம்முடைய கடலோ 28 பாகை. உடுப்பைத் தண்ணீரின் குளிருக்கு ஏற்றபடிதான் தெரிவுசெய்ய வேண்டும். கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் பேச்சைக் கேட்காது, திணறித் திணறி இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் போனால் எவ்வளவு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அதனால் உயிர்காப்பு அங்கியைப் படகில் வைக்காமல் இறுக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் கைகால் சோர்ந்துவிடும். தண்ணீர் புகாத டிரை சூட் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள், உள்ளே கம்பளி உடுப்பு. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தனியே போகாதீர்கள், கரையை ஒட்டியே ஓட்டுங்கள். திரும்பும் நேரத்தை அக்காவிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்கில் சூடான இஞ்சித் தேநீரும் எடுத்துப் போங்கள். மது மட்டும் வேண்டவே வேண்டாம், உடம்புச் சூடு இன்னும் விரைவாக இறங்கும்.