காலாண்டில் மூன்று பாடம் ஃபெயில்: முதலில் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள்

கேள்வி கேட்டிருப்பவர் புது வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஒரு அம்மா. மகன் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, ஆங்கில வழி. காலாண்டுத் தேர்வில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றிலும் ஃபெயில். அப்பா ரேங்க் கார்டைத் தூக்கி எறிந்ததோடு சரி, அதற்கப்புறம் பையனிடம் பேசுவதே இல்லை. செல்போன் கட், ஃபுட்பால் கட். "மற்ற வீடுகளில் என்ன செய்கிறார்கள்? நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மாலை டியூஷன் எடுக்கிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை, கணக்கும் அறிவியலும். காலாண்டு மார்க் வந்த வாரம் புதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிறைய பேர் வருவார்கள். வந்ததும் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க மிஸ், நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்." பிள்ளை பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். இப்படிச் சொல்கிறவர்களை நான் கொடுமைக்காரர்களாகப் பார்த்ததில்லை. ஹார்பரில் ராத்திரியெல்லாம் டிரெய்லர் ஓட்டுகிறவர், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்க்கிற அம்மா, இவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறார்கள். பிள்ளை கைவிட்டுப் போகிறதே, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லையே என்ற பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது.

நான் அவர்களிடம் கேட்பது, "விடைத்தாள் இருக்கா?" என்று. அநேகமாக இருக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் வந்திருக்கும், வீட்டில் நடந்த அத்தனை ரகளையும் அந்த மார்க்கை வைத்துத்தான். பேப்பரை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 22 மார்க் என்றால் 22 மார்க், அவ்வளவுதான். ஏன் 22 என்பது தாளுக்குள் இருக்கிறது.

இதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா. பள்ளிக்கூடமே போகாதவர். அவர் மகள் ஒன்பதாவதில் அறிவியலில் ஃபெயில். ஏலத்துக்காக விடியும் முன்னே கிளம்பிப் போய், கூடையைக் காலி செய்துவிட்டு வந்து, சாயங்காலம் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். விடைத்தாளை நான் வாங்குவதற்குள் அவரே தரையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் படம் போட்ட இடம், எழுதிய இடம், எழுதாமல் விட்ட இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் இல்லையா? வெற்றாக இருந்த இடத்தில் விரலை வைத்து மகளிடம் கேட்டார்: "இன்னாடி, இத்தினி எடம் சும்மா கீது? தெரியலயா, நேரம் பத்தலயா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியும்மா. இங்கிலீஷ்ல எப்டி எழுதறதுன்னு தெரில" என்றாள்.

தாளில் இதயத்தின் படம் இருந்தது. நன்றாகவே வரைந்திருந்தாள். பாகங்களின் பெயர் ஒன்றுகூட எழுதவில்லை. தமிழில் கேட்டேன், ஆரிக்கிள் வென்ட்ரிக்கிள் வரை விரல் வைத்துக் காட்டி, ரத்தம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று சரியாகச் சொன்னாள். ஐந்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளை. அவளுக்கு அறிவியலில் பிரச்சினை இல்லை. அடித்திருந்தாலும் போனைப் பிடுங்கியிருந்தாலும் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது. தமிழ் வழிப் பாடப்புத்தகத்தில் ஒரு பாடத்தை முதலில் படிப்பது, அப்புறம் அதே பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு புத்தகமும் ஒரே வரிசையில், ஒரே படங்களோடு இருக்கும், பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பத்தாவதில் அறிவியலில் பெரிய மார்க் எதுவும் வாங்கவில்லை, ஆனால் தேறிவிட்டாள்.

"தெரியலயா, நேரம் பத்தலயா" என்ற கேள்வியை இப்போது எல்லாப் பெற்றோரிடமும் கேட்கச் சொல்கிறேன். படிப்பறிவு தேவையில்லை. கோபமில்லாத குரல் மட்டும் போதும்.

உங்கள் மகனுடைய கணக்குத் தாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இப்போது ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது தொடக்கப்பள்ளியில் இருந்தவர்கள். தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. வகுத்தல், பின்னம், தசமம் எல்லாம் மனதில் பதிய வேண்டிய காலத்தில் இவர்கள் பத்துக்குப் பத்து அறையில், அப்பாவின் போன் கிடைத்தால் ஆன்லைன் கிளாஸ், கிடைக்காவிட்டால் இல்லை என்று உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் எட்டாவது வரை ஆல்பாஸ். கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஏற்பாட்டை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன், பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்கி யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் ஒன்பதாவது வரை யாருக்கும் தெரியாமல் போகிறது. ஒன்பதாவதில் பல்லுறுப்புக்கோவை வந்ததும் மொத்தமாகச் சரிகிறது.

அதனால் புதிதாக வரும் பிள்ளைக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கு எட்டில் ஏழு பங்கையும் மூன்றில் இரண்டு பங்கையும் கூட்டுவது. நிறைய பேர் 9/11 என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு! ஒன்பதாம் வகுப்புப் பையன் அப்படி எழுதினால், அவனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கை இரண்டு டியூஷனில் சேர்த்து நடத்தினாலும் ஏறாது. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்க வேண்டும். பையனுக்குக் கூச்சமாக இருக்கும், தம்பி தங்கை எதிரில் அதைத் திறக்க மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு திறக்கட்டும். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அரையாண்டுக்குள் பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்த வருடத்துக்கான கணக்கையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வில் பாஸ் மார்க் 35. கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. செய்முறை வடிவியல் ஒன்று, கிராஃப் ஒன்று, இரண்டும் எட்டு எட்டு மார்க். அங்கேயே 30 வந்துவிடுகிறது. மீதிக்கு இரண்டு மதிப்பெண் கேள்விகள் சில போதும். ஸ்கேல், காம்பஸைக் கையில் பிடிக்கப் பழகிய பிள்ளை ஃபெயிலாவது கஷ்டம். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். "இவன் தேறவே மாட்டான்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு இந்த 30 மார்க் தெம்பு கொடுக்கும்.

இப்போது அவரைப் பற்றி. நிறைய அப்பாக்கள் ஃபெயிலான பிள்ளையிடம் சொல்வது இது: "படிக்கலன்னா என்னை மாதிரி வெல்டிங் அடிக்கத்தான் போவ." மெக்கானிக், பெயின்டர், ஆட்டோ, மீன்பிடித் தொழில், யார் யார் என்ன வேலை செய்கிறார்களோ அதைச் சொல்வார்கள். எனக்கு இதைக் கேட்டால் அடிப்பதைவிட வலிக்கிறது. தன் கையால் செய்கிற வேலையைத் தண்டனையாகக் காட்டினால், பிள்ளை அப்பாவை எப்படிப் பார்க்கும்? அவர் உழைத்துத்தான் அந்த வீடு நடக்கிறது. வெல்டருக்கும் வயர்மேனுக்கும் ஐ.டி.ஐ.யில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், எலக்ட்ரீஷியன், ஃபிட்டருக்குப் பத்தாவது வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் முறையாகக் கற்றுக்கொண்டு நல்ல சம்பளத்துக்குப் போன பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் மகனுக்கும் அந்த வழி பிடிக்கலாம். "ஒழுங்கா படிக்கலன்னா ஐ.டி.ஐ.தான்" என்று இப்போதே அதை அசிங்கப்படுத்தி வைக்காதீர்கள்.

பேசாமல் இருப்பதற்கு வருகிறேன். அடிக்கவில்லையே, திட்டவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைக்கு அது அப்படி இருக்காது. மார்க் போனதால் அப்பாவும் போய்விட்டார் என்று ஆகிவிடும். அடுத்த தேர்வில் என்ன நடக்கும் தெரியுமா? மறைப்பான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தை மேலிருந்து கீழ் வரை எழுதிப் பழகியிருப்பதை நான் பல நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். சில சமயம் அசலைவிட அழகாகவே இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அந்த வீட்டில் ரேங்க் கார்டை நீட்டப் பிள்ளை எவ்வளவு பயப்படுகிறது என்று தெரிந்துவிடும். அதனால் கார்டில் உங்கள் வீட்டுக்காரரே, பையன் எதிரில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடட்டும். பெரிய பேச்செல்லாம் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல் வேறு எதையாவது பேசிக்கொண்டு போனால் போதும், பையனே ஆரம்பிப்பான்.

ஃபுட்பாலைத் திரும்பக் கொடுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கமெல்லாம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பந்துதான் உயிர். மூன்று பாடத்தில் ஃபெயிலான பையனுக்கு, "நம்மால் முடியும்" என்று தோன்றுகிற ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம். அதையும் பிடுங்கினால் அந்த ஒரு மணி நேரமும் படிப்புக்கு வராது, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் போகும். போன் வேறு விஷயம். ராத்திரி இத்தனை மணிக்கு மேல் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது என்று வீட்டுக்கே ஒரு வழக்கம் வையுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து. பக்கத்து வீட்டுப் பெண் 480 வாங்கினாள் என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். முதல், இரண்டாம் இடம் என்று பட்டியல் போடுவதை 2017லேயே பள்ளிக் கல்வித் துறை நிறுத்திவிட்டது, வீட்டில் நாம் ஏன் தொடர வேண்டும்?

உங்கள் மகன் தனியார் பள்ளி என்பதால் ஒரு எச்சரிக்கை. பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்ட ஆசைப்படும் சில பள்ளிகள், ஒன்பதாவதில் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல் பாத்துக்குங்க, டி.சி. கொடுத்துடறோம்" என்று நைசாகச் சொல்லும். கோபத்திலும் அவமானத்திலும் இருக்கும் அப்பா அன்றைக்கே, "டி.சி. வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படி நடந்து, நடு வருடத்தில் அந்தப் பிள்ளை இடம் தேடி அலைந்தது. உங்களிடம் அப்படிப் பேசினால் அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாமல், வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள். மாற்றுவதாக இருந்தாலும் இந்த வருடம் முடியட்டும், மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் இருக்கின்றன, நிதானமாகப் பார்த்துச் சேர்க்கலாம்.

பத்தாவது, பன்னிரண்டாவதில் ஃபெயிலான பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும். முன்பு போல ஒரு வருடம் வீணாகாது. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு வைக்கிறார்கள். ஃபெயிலான பாடத்தை மட்டும் எழுதி, தேறினால் அதே வருடம் மேலே சேர்ந்துவிடலாம். ரிசல்ட் நாளன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் லீவு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் பிள்ளை இருந்தால் காத்திருக்க வேண்டாம். 104க்கோ 14416க்கோ கூப்பிட்டால் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. படிப்பு, தேர்வு சம்பந்தமான சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இந்த நம்பர்களைப் பிள்ளைக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

உங்களுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். நாளைக்கே பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரிடம் மூன்று விடைத்தாளையும் கேளுங்கள். வீட்டுக்குத் தர மாட்டோம் என்றால் அங்கேயே உட்கார்ந்து பையனோடு சேர்ந்து பாருங்கள். கணக்கில் எந்தப் பகுதியில் எத்தனை மார்க், எந்த இடமெல்லாம் எழுதாமல் விட்டிருக்கிறான், நான் மேலே சொன்ன பின்னக் கணக்கை வீட்டில் கொடுத்துப் பார்த்தால் என்ன விடை எழுதுகிறான் என்பதை இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள். எந்த வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.