கீமோதெரபியின்போது காளான் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோதெரபி நடக்கிறது. காளானிலிருந்து எடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் கீமோவே தேவைப்படாது என்று உறவினர் ஒருவர் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், தாராவி, மும்பை)

பதில்: கீமோவை நிறுத்திவிட்டு எந்தக் காளான் மருந்தையும் நம்பக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு, நோய் பரவிய பிறகு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் வேதனை உங்கள் குடும்பத்துக்கு வர வேண்டாம்.

கீமோ தேவைப்படாது என்று உங்கள் உறவினர் சொன்னது தவறு; ஆனால் காளானில் மருந்துக் குணம் உண்டு என்பது முழுக்க ஆதாரமில்லாத பேச்சு அல்ல. காளான்களின் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைத் தொடர், நம் உடலின் தற்காப்பு அணுக்களைத் தூண்டக்கூடியது. பட்ட மரங்களில் விசிறிபோல அடுக்கடுக்காக வளரும் டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்ற காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்னும் மருந்துக்கு ஜப்பான் அரசு 1977இல் ஒப்புதல் அளித்தது. ஷிடாக்கே காளானிலிருந்து எடுத்த லென்டினான் 1985இல் அங்கே ஊசி மருந்தாக வந்தது. இரைப்பைப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 262 பேரிடம் அந்நாட்டில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், கீமோவுடன் பி.எஸ்.கே.யும் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும், கீமோ மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும் ஐந்து ஆண்டுகள் கடந்து உயிர் வாழ்ந்தார்கள். இரு பிரிவினருக்குமே கீமோ கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அன்று தரப்பட்ட கீமோ மருந்துகளும் இன்று உங்கள் அம்மாவுக்குத் தரப்படுபவையும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை என்பதால், அந்தக் கணக்கை அப்படியே இவருக்குப் பொருத்திப் பார்க்கவும் முடியாது.

மேலும், பி.எஸ்.கே. அளவும் தூய்மையும் சோதிக்கப்பட்டுத் தயாரான மருந்து; கடையில் விற்கும் காளான் மாத்திரைகள் பெரும்பாலும் உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகின்றன, மருந்துக்குரிய சோதனைகளைக் கடந்தவை அல்ல. ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுவைக் கொல்லும் ஒரு பொருள் மனித உடலிலும் அப்படியே வேலை செய்துவிடுவதில்லை. கார்டிசெப்ஸ் காளானில் உள்ள கார்டிசெபின் இதற்கு நல்ல உதாரணம்: இரத்தத்தில் கலந்ததும் ஒரு நொதி அதை விரைவில் சிதைத்துவிடுவதால், அதன் வேதி அமைப்பை மாற்றி மருந்தாக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன.

தீங்கும் உண்டு. ரெய்ஷி காளான் சாறு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் கீமோவால் குறைந்திருக்கும் நேரத்தில் இது ஆபத்து.

சந்தையில் கிடைக்கும் மொட்டுக் காளானையோ சிப்பிக் காளானையோ நன்றாக வேகவைத்துக் குழம்பிலோ பொரியலிலோ சேர்க்கலாம். அது உணவுதான், மருந்தல்ல. நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் வேகாத காளான் கூடவே கூடாது. மாத்திரைப் புட்டியை, அடுத்த சுற்றுக்கு முன் எடுக்கும் இரத்தப் பரிசோதனை முடிவோடு சேர்த்து, அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை திறக்க வேண்டாம்.