ஜெர்மன் ராணுவத்தின் உச்சப் பதவி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜெர்மன் ராணுவத் தலைவரை ‘ஜெனரல் இன்ஸ்பெக்டர்’ என்கிறார்கள். ஐ.ஜி. என்றதும் நமக்குப் போலீஸ்தான் ஞாபகம் வருகிறது. இவர் உண்மையில் தளபதியா, இல்லை வெறும் மேற்பார்வையாளரா?

போலீஸுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. நான்கு நட்சத்திர அதிகாரி. சீருடை போட்டவர்களில் இவருக்கு மேல் யாரும் கிடையாது. 2023 மார்ச்சில் கார்ஸ்டன் பிராயர் இந்தப் பதவிக்கு வந்தார். அதற்கு முன் கொரோனா காலத்தில் சான்சலர் (ஜெர்மன் அரசாங்கத்தின் தலைவர், நம் பிரதமர் போல) அலுவலகத்தின் நெருக்கடிக் குழுவை நடத்தியவர் என்பதால் ஜெர்மானியர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான முகம்.

தளபதியா என்று கேட்டீர்கள். நீண்ட காலம் ‘அப்படிச் சொல்ல முடியாது’ என்பதுதான் பதிலாக இருந்தது. 1957-இல் பதவியை உருவாக்கியபோதே வேண்டுமென்றுதான் கையைக் கட்டிவைத்தார்கள். அமைச்சருக்கு ஆலோசனை சொல்லலாம், திட்டம் போடலாம். தரைப்படை, விமானப்படை, கடற்படைத் தலைவர்களோ நேரே அமைச்சருக்குத்தான் கட்டுப்பட்டவர்கள். ராணுவமே ‘அரசுக்குள் ஓர் அரசு’ போல நடந்துகொண்ட 1920-களையும், 1938-இல் ஹிட்லர் முப்படைகளையும் தன் நேரடிக் கட்டளைக்குள் கொண்டுவந்ததையும் பார்த்த தலைமுறை அது. இன்னொரு காரணத்தை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பனிப்போர்க் காலத்தில் சண்டை வந்தால் ஜெர்மன் படைகளில் பெரும்பகுதி நேட்டோ தளபதிகளின் கீழ் போய்விடும் என்பதே ஏற்பாடு. போர்க்களத்தில் வழிநடத்த ஜெனரல் இன்ஸ்பெக்டரிடம் படை ஏது?

அப்படியானால் உத்தரவு போடும் அதிகாரம் யாரிடம்? குடியரசுத் தலைவரிடமா?

இல்லை. இந்தியாவில் குடியரசுத் தலைவரே முப்படைகளின் உச்சத் தலைவர் என்று படித்து வளர்ந்த நமக்கு இது விநோதமாகத்தான் தெரியும். ஜெர்மன் அரசமைப்புச் சட்டத்தின் 65அ பிரிவுப்படி, அமைதிக் காலத்தில் கட்டளை அதிகாரம் பாதுகாப்பு அமைச்சருடையது. நாடு தாக்கப்பட்டு ‘தற்காப்பு நிலை’ அறிவிக்கப்பட்டால், 115ஆ பிரிவுப்படி அது சான்சலரின் கைக்குப் போகும். அந்த அறிவிப்புக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இதுவரை ஒருமுறைகூட அறிவிக்கப்பட்டதில்லை.

வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதிலும் கடிவாளம் உண்டு. ஆயுதமேந்திய பணிக்கு நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும் என்று 1994-இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெனரலும் அமைச்சரும் மட்டும் பேசி முடித்துவிட முடியாது.

முதல் ஜெனரல் இன்ஸ்பெக்டர் ஹிட்லரிடம் வேலை பார்த்தவர் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நிஜமா?

நிஜம்தான். அடால்ஃப் ஹாய்சிங்கர், தரைப்படைத் தலைமையகத்தில் போர் நடவடிக்கைப் பிரிவின் தலைவராக இருந்தவர். 1944 ஜூலை 20 அன்று ‘ஓநாய்க் குகை’ தலைமையகத்தில், வரைபடம் விரித்த மேசைக்கு எதிரே ஹிட்லரின் பக்கத்தில் நின்று கிழக்குப் போர்முனை நிலவரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஹிட்லரைக் கொல்லச் சதி செய்த ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் வைத்துவிட்டுப் போன குண்டுப் பெட்டி அந்த மேசைக்கு அடியில்தான் இருந்தது. இன்னோர் அதிகாரி அதைக் கனமான மேசைக்காலுக்கு அப்பால் நகர்த்திவைத்தார். ஹிட்லர் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். குண்டு வெடித்து ஹாய்சிங்கர் காயமடைந்தார். அதோடு முடியவில்லை. சதியில் இவருக்கும் பங்கு உண்டோ என்று சந்தேகப்பட்டு ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ கைது செய்து விசாரித்து, பிறகு விடுவித்தது.

இப்படிப்பட்டவரை எப்படிப் புதிய ராணுவத்தின் உச்சத்தில் வைத்தார்கள் என்பது நியாயமான கேள்வி. போர் முடிந்து 10 ஆண்டில் ஒரு ராணுவத்தைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. அனுபவமுள்ள அதிகாரி வேண்டுமென்றால் பழைய ராணுவத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். இது அரசின் தரப்பு நியாயம். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. அவர் நேட்டோ ராணுவக் குழுவின் தலைவராக வாஷிங்டன் போன பிறகு, 1961 டிசம்பரில், போர்க்குற்றங்களைச் சொல்லி அவரை ஒப்படைக்குமாறு சோவியத் யூனியன் கேட்டது. அமெரிக்கா மறுத்துவிட்டது.

டி மெய்சியர் என்ற பெயர் ஜெனரல் பட்டியலிலும் இருக்கிறது, அமைச்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஒரே ஆளா?

அப்பாவும் மகனும். உல்ரிஷ் டி மெய்சியர் 1966 முதல் 1972 வரை ஜெனரல் இன்ஸ்பெக்டர். பியானோ நன்றாக வாசிப்பார். மகன் தாமஸ் 2011 முதல் 2013 வரை பாதுகாப்பு அமைச்சர்.

இந்தக் குடும்பக் கதைக்குள்ளேயே பதவியின் கதையும் இருக்கிறது. 1970-இல், அப்பா பதவியிலிருந்தபோது, அன்றைய அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட் ‘பிளாங்கனேஸ ஆணை’ பிறப்பித்து, ஒட்டுமொத்த ராணுவத் திட்டமிடலை ஜெனரல் இன்ஸ்பெக்டரின் பொறுப்பாக்கினார். அதிகாரம் கொஞ்சம் கூடியது. படைத் தலைவர்கள் மட்டும் அப்போதும் பிடிக்குள் வரவில்லை. அதைச் செய்தது 2012-இன் ‘டிரெஸ்டன் ஆணை’. வீரர்கள் எல்லோருக்கும் ஜெனரல் இன்ஸ்பெக்டரே மேலதிகாரி, படைத் தலைவர்கள் அவருக்குக் கீழே என்று அது மாற்றியது. கையெழுத்துப் போட்ட அமைச்சர் மகன் டி மெய்சியர்! அப்பாவுக்குக் கிடைக்காத அதிகாரத்தை, நான்கு பத்தாண்டு கழித்து அதே நாற்காலிக்கு மகன் கொடுத்தார்.

எப்போதும் தரைப்படைக்காரர்கள்தானா?

பெரும்பாலும். இதுவரையான 17 பேரில் 13 பேர் தரைப்படை. கடற்படையிலிருந்து ஸிம்மர்மன், வெல்லர்ஸ்ஹோஃப். விமானப்படையிலிருந்து வூஸ்ட், குயாட்.

பெண் யாராவது வந்திருக்கிறார்களா?

இல்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மருத்துவப் பிரிவையும் ராணுவ இசைக்குழுவையும் தவிர மற்ற பிரிவுகள் பெண்களுக்கு 2001-இல்தான் திறந்தன. அதற்கும் முந்தைய ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு நட்சத்திரம் வரை ஏறப் பல பத்தாண்டு சேவை வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெனரல் இன்ஸ்பெக்டருக்கு மேலுள்ள பாதுகாப்பு அமைச்சர் நாற்காலியில் மட்டும் 2013 கடைசியிலிருந்து 2023 தொடக்கம் வரை தொடர்ந்து மூன்று பெண்கள் இருந்தார்கள்.

இவ்வளவு பெரிய அதிகாரியை அமைச்சர் நினைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா?

முடியும். ஜெனரல் நிலை அதிகாரிகளை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, தற்காலிக ஓய்வில் அனுப்ப ராணுவச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆணை குடியரசுத் தலைவர் பெயரில் வரும்.

தானாகப் போனவர்களும் உண்டு. 1966-இல் முகாம்களுக்குள் தொழிற்சங்கம் ஆள் சேர்க்கலாம் என்று அமைச்சகம் அனுமதித்தது. தன்னை ஒதுக்கிவிட்டு முடிவெடுத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு ஹைன்ஸ் டிரெட்னர் பதவி விலகினார்.

அதிகம் பேசப்பட்டது வொல்ஃப்காங் ஷ்னைடர்ஹானின் வெளியேற்றம். 2002-இலிருந்து பதவியில் இருந்தவர், இந்தப் பதவியில் அதுவரை யாரும் அவ்வளவு காலம் நீடித்ததில்லை. 2009 செப்டம்பர் 4 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் அருகே, தாலிபான் கடத்திய இரண்டு டேங்கர் லாரிகள் மீது ஒரு ஜெர்மன் கர்னலின் உத்தரவில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. லாரிகளைச் சுற்றி எரிபொருள் பிடிக்க வந்த ஊர்மக்களும் இருந்தார்கள், பலர் இறந்தார்கள். புதிதாக அமைச்சரான குட்டன்பெர்க் முதலில் அந்தத் தாக்குதல் பொருத்தமானதே என்றார். அறிக்கைகள் தன்னிடம் வந்து சேரவில்லை என்ற குற்றச்சாட்டோடு நவம்பர் 26 அன்று ஷ்னைடர்ஹானையும் அமைச்சகச் செயலாளர் ஒருவரையும் பதவியிலிருந்து நீக்கினார். டிசம்பரில் தாக்குதல் பொருத்தமற்றது என்று பேச்சை மாற்றினார். ஷ்னைடர்ஹான் சும்மா இருக்கவில்லை. எதையும் மறைக்கவில்லை என்று வெளிப்படையாகவே மறுத்தார். விஷயம் நாடாளுமன்ற விசாரணைக் குழு வரை போனது. தாக்குதல் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்து, அதற்குள் தொழிலாளர் துறைக்கு மாறியிருந்த ஃபிரான்ஸ் யோசஃப் யுங், ஷ்னைடர்ஹான் போன மறுநாளே ராஜினாமா செய்தார்.