யூடியூபில் பிக்கிள்பால் வீடியோக்கள் பார்த்தோம். நாலு பேர் சேரவில்லை; இரண்டு பேர் மட்டும் ஆடிக் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். (தெரியாதவர்களுக்கு: மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேலே அடித்து ஆடும் ஆட்டம்தான் பிக்கிள்பால்.) நானும் என் மச்சானும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். எங்கள் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு நாலாவது ஆளைப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால் நீங்கள் யூடியூபில் பார்த்ததாகச் சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் டபுள்ஸ், அதாவது பக்கத்துக்கு இருவர் ஆடும் ஆட்டம். அதை அப்படியே இருவராக ஆடப் போனால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். இங்கே கோர்ட் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றுதான்: 44 அடி நீளம், 20 அடி அகலம். டென்னிஸில் ஒற்றையருக்கு அகலத்தைக் குறைப்பார்கள். இதில் அந்தச் சலுகை கிடையாது.

அதனால் முதலில் பாதிக் கோர்ட்டில் ஆடுங்கள். ஸ்கின்னி சிங்கிள்ஸ் என்பார்கள். நடுக்கோட்டை நெட் வரை நீட்டியதாக வைத்துக்கொண்டு, எதிரெதிரே நின்று 10 அடி அகலத்துக்குள்ளேயே ஆட வேண்டும். பந்து அந்தப் பாதியைத் தாண்டினால் அவுட். ஓட்டம் குறையும், ராலி (பந்து நிற்காமல் இருபக்கமும் மாறி மாறிப் போவது) நீளும், கை பழகும். அது சலித்தபின் மூலைக்கு மூலை குறுக்காக ஆடுங்கள். சர்வ் எப்படியும் குறுக்காகத்தான் போட வேண்டும் என்பதால் அதற்கும் பயிற்சியாகிவிடும். முழுக் கோர்ட் அதற்கு அப்புறம்.

கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டும் இதே அளவுதான். 1965-இல் அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த விளையாட்டு தொடங்கியதே ஒரு வீட்டு பேட்மின்டன் கோர்ட்டில்தான். நெட்டை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். நெட்டிலிருந்து 7 அடியில் இரண்டு பக்கமும் ஒரு கோடு வேண்டும். பேட்மின்டனின் முன்கோடு ஆறரை அடியில் இருக்கும். அதற்கு அரை அடி பின்னால் சாக்பீஸால் கிழித்தால் போதும். அந்த 7 அடிப் பகுதிக்குப் பெயர் கிச்சன். அதற்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்துவிட்டு, அடித்த வேகத்தில் உள்ளே கால் வைத்தாலும் தப்புதான். மச்சானும் நானும் அதிகம் சண்டை போட்டது இந்தக் கோட்டுக்காகத்தான்.

விதிகளில் ஒற்றையர் ஆட்டத்தையே மாற்றிப்போடுவது இரண்டு பவுன்ஸ் விதி. சர்வைத் தரையில் பட விட்டுத்தான் திருப்ப வேண்டும். திரும்பி வருவதையும் சர்வ் போட்டவர் தரையில் பட விட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆக, சர்வ் போட்டவர் பின்னாலேயே மாட்டிக்கொள்வார், எதிராளி நெட்டுக்கு ஓடி வந்துவிடலாம். டென்னிஸில் சர்வ் ஒரு ஆயுதம்; இதில் பாதி சுமை. ஆனால் வழக்கமான கணக்கில் சர்வ் போடுபவருக்கு மட்டும்தான் பாயின்ட். வசதி ஒருவருக்கு, பாயின்ட் இன்னொருவருக்கு! அதனால்தான் நிறைய ராலி ஆடியும் ஸ்கோர் 2–1-லேயே நிற்கும். 11 எடுத்தால் வெற்றி, இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும். உங்கள் ஸ்கோர் இரட்டைப்படை என்றால் வலப்பக்கத்திலிருந்து சர்வ், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். டபுள்ஸில் சர்வ் போடுவது அணியின் முதல் ஆளா இரண்டாவது ஆளா என்று காட்ட ஸ்கோரோடு சொல்லும் மூன்றாவது எண் இங்கே தேவையில்லை, ராலி தோற்றால் சர்வ் நேராக எதிராளிக்குப் போய்விடும்.

இதிலிருந்தே எதைப் பழக வேண்டும் என்பது புரியும்: ஆழம். சர்வும் ரிட்டர்னும் பின்கோட்டை ஒட்டி விழ வேண்டும். ரிட்டர்ன் ஆழமாக விழுந்தால் எதிராளி பின்னால் நின்று அடிக்கும் நேரத்துக்குள் நீங்கள் கிச்சன் கோட்டுக்கு வந்துவிடலாம். பின்கோட்டிலிருந்து மூன்று அடிக்குள் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, அதற்கும் பின்கோட்டுக்கும் நடுவில் விழுந்தால்தான் கணக்கு என்று ஆடிப் பாருங்கள். டபுள்ஸ்காரர்கள் கொண்டாடும் டிங்க் ஷாட்டை, அதாவது எதிராளியின் கிச்சனுக்குள் மெத்தென்று விழும்படி தட்டிவிடும் அடியை, கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஒற்றையரில் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்போது யார் அதை ஆடிக்கொண்டிருப்பார்கள்?

சர்வ் வரவில்லை என்று தடுமாறினால் டிராப் சர்வ் போடுங்கள். பந்தைக் கையிலிருந்து சும்மா கீழே விட்டு, எழும்பியதும் அடிக்கலாம். தூக்கிப் போடவோ தரையில் குத்தவோ கூடாது, அவ்வளவுதான். சர்வ் கிச்சன் கோட்டில் பட்டாலும் தப்பு, மற்றக் கோடுகளில் பட்டால் செல்லும்.

பேடிலுக்கு (ஆடும் மட்டைக்கு) ஆரம்பத்தில் நிறையச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் பக்கவாட்டுப் பிடிப்புள்ள பேட்மின்டன் ஷூ வாங்குங்கள். ஜாகிங் ஷூவில் திடீரென்று திரும்பினால் கணுக்கால் மடங்கும். தலைக்கு மேலே பந்து போனால் பின்னோக்கியே நடந்து எடுக்கப் பார்க்காதீர்கள், திரும்பி ஓடுங்கள். பலர் விழுவது பின்னோக்கி நடக்கும்போதுதான்.