பக்கத்தில் வீடு இருந்தால் போதுமா?

கேள்வி: பாபநாசம் அருகே 5 சென்ட் இடம் பார்த்திருக்கிறேன். சிட்டாவில் நன்செய் என்றிருக்கிறது, சுற்றிலும் வீடுகள்தான். சுயசான்று முறையில் (விவரங்களுக்கு நாமே சான்றளித்து) வீடு கட்ட அனுமதி கிடைக்குமா?

பதில்: அளவில் தடையில்லை. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. சுயசான்றுக்கு மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடி வரை போகலாம். நன்செய் என்ற நில வகைப்பாடுதான் சிக்கல். சுற்றியுள்ள வீடுகள் நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு நிலத்தில், இருக்கலாம். அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் நில வகைப்பாட்டைக் காட்டும் அ-பதிவேட்டையும் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். நன்செய்தான் என்றால், நகர் ஊரமைப்புத் துறையின் நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். வேளாண் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். இந்தச் செலவும் அலைச்சலும் விற்பவருடையது என்று பேசி முடியுங்கள். புலப்படத்தில் வாய்க்கால் குறுக்கிட்டால் இடத்தையே விட்டுவிடுங்கள். தூர்ந்து கிடந்தாலும் பதிவேட்டில் அது வாய்க்கால்தான்.